விளிம்பில் ஒரு பெயர்

வடசேரி,
ஞாயிறு காலை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. உன் ஆபீஸில் பழைய மெடல் சேகரிக்கிறவர் நல்ல விலை தருவார், நன்றாகப் பாலிஷ் போட்டு அனுப்புங்கள் என்றாய். அந்தப் பழைய ராணுவப் பதக்கத்தை விற்கப் போவதில்லை மக்ளே. காரணத்தை எழுத்தில்தான் என்னால் முழுசாகச் சொல்ல முடியும்.

ஓணத்துக்கு முன்னால் தக்கலைப் பக்கத்திலிருந்து வயதான அம்மா ஒருவர் பட்டறைக்கு வந்தார். துணி முடிப்பில் உடைந்த கொலுசு, ஒரு குங்குமச் சிமிழ், கறுத்துப்போன ஒரு வட்டம். பேரனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டுமாம். எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்து, அன்றைய வெள்ளி விலையைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து உருக்குவதற்காக மூசையில் போட எடுத்தபோதுதான் வட்டத்தின் விளிம்பில் எழுத்து விரலில் தட்டுப்பட்டது. கல் பதிக்கிற லென்ஸை வைத்துப் பார்த்தேன். சுபேதார் என்ற பதவி, நம்மூர்ப் பெயர் ஒன்று, அப்புறம் இரண்டாம் குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப் பெயரின் சுருக்கம். கை நடுங்கிவிட்டது. நெருப்பு ஏற்கனவே ஊதி வைத்திருந்தேன்.

அது முதல் உலகப் போருக்காக பிரிட்டிஷ் அரசு 1919-இல் ஏற்படுத்திய பதக்கம். 36 மில்லிமீட்டர் அகலம், நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன். குதிரையின் காலடியில் கழுகுக் கேடயமும் மண்டையோடும், 1914, 1918 என்ற வருடங்களும். வெள்ளியில் மட்டும் சுமார் 65 லட்சம் அடித்தார்கள். கூலிப் படைகளில் போனவர்களுக்கு அதே அச்சில் வெண்கலம். இவ்வளவு அடித்ததால் மதிப்பில்லை என்று நினைக்காதே. ராஜாவின் தலை எல்லாவற்றிலும் ஒன்றுதான். விளிம்புதான் ஆளுக்கு ஆள் மாறும். சேகரிக்கிறவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். பாலிஷ் போட்டுப் போட்டு அந்த எழுத்தைத் தேய்த்துவிட்டால் மிச்சம் வெறும் வெள்ளி. அதனால் இதன்மேல் புளிகூடத் தேய்க்கவில்லை.

கொள்முதல் நோட்டில் அந்த அம்மாவின் முகவரி இருந்தது. போன வாரம் பஸ் ஏறிப் போனேன். ஊர்க்காரர்கள் அதைச் சுபேதார் வீடு என்றுதான் சொல்கிறார்கள். நான் விளிம்பைப் படித்துக் காட்டியதும் அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கணவருடைய தாத்தாவின் பெயர். அறுபது வருடமாகப் பெட்டியில் கிடந்ததில் பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது. பதக்கத்தை அவர் கையில் வைத்தேன். பணம் செலவாகிவிட்டதே என்று திருப்பி நீட்டினார். பணத்துக்காக வரவில்லை என்றேன். அப்போது அவர் கேட்டார்: "அவரு அங்க போய் என்ன செஞ்சாரு?" என்னிடம் பதில் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன், அதுவரை இது பட்டறையில் பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கி வந்தேன்.

நீ பெங்களூரில் இருப்பது இதற்குத்தானோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. விளிம்பில் இருக்கிற அந்தப் படைதான் இன்றைய மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். 1780-இல் தொடங்கியது. அவர்களுடைய இடம் அல்சூர் ஏரிப் பக்கம், அருங்காட்சியகமும் ஆவணங்களும் அங்கே உண்டு. தென்னாட்டுப் பையன்கள் சேர்ந்த படை. இவர்களைத் தம்பிகள் என்றே ராணுவத்தில் கூப்பிடுவார்கள். பாலம் கட்டுவது, வழி வெட்டுவது, குழி தோண்டுவது எல்லாம் இவர்கள் வேலை. மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், 1917 பிப்ரவரி 23-இல் ஷும்ரானில் டைகிரிஸ் ஆற்றைக் கடந்த படையோடும் மதராஸ் சாப்பர்கள் இருந்தார்கள். மார்ச் 11-இல் பாக்தாத் விழுந்தது. சுபேதார் என்றால் பெரும்பாலும் சாதாரண வீரனாகச் சேர்ந்து, நாயக், ஹவில்தார், ஜமேதார் என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்த ஆள். எத்தனை வருட உழைப்பு என்று யோசித்துப் பார்.

ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னம் 1929-இல் திறக்கப்பட்டது. அங்கே இறந்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கானது. அதில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் இருந்தது. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு, இன்ன படையில் இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்லில் பெயர் கிடைக்காதவர்களுக்கும் அவரவர் பதக்க விளிம்பில் பெயர் உண்டு. அதை நாம்தான் கொலுசோடு சேர்த்து நிறுத்து உருக்கிக்கொண்டிருக்கிறோம். நானும் எத்தனை உருக்கினேனோ! நாற்பது வருடத் தொழிலில் விளிம்பைத் தடவிப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

விளிம்பில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு நாள் லீவு போட்டு அல்சூர் அருங்காட்சியகத்துக்குப் போய்க் கேள். எந்தக் கம்பெனியில் இருந்தார், எங்கே போனார், எப்போது ஊர் திரும்பினார் என்று தெரிந்தால் போதும். மெடல் கேட்ட உன் ஆபீஸ் நண்பரிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல். படிக்கத் தெரிந்தவர் என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போ.

இன்னொன்று. பதக்கத்தின் மேலே ரிப்பன் கோக்கிற நேர்ப் பட்டை இருந்திருக்க வேண்டும். அதை வெட்டிவிட்டு யாரோ ஒரு சின்ன வளையம் பற்றவைத்திருக்கிறார்கள். பற்றாசு சற்று வழிந்திருக்கிறது, ஆனால் பழகிய கை. குழந்தைக்குக் கழுத்தில் கட்டியிருப்பார்கள் போல. வளையத்தின் உள்பக்கம் நூல் உரசித் தேய்ந்திருக்கிறது. புதுப் பட்டை செய்து வைக்கலாமா என்று முதலில் யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அம்மா நேந்திரங்காய் வற்றல் அனுப்பியிருக்கிறாள். பதில் எழுது.

அன்புடன்,
அப்பா