ஊசிக் காலத்தில் உடனிருந்தவர்களுக்கு

அன்புடையீர்,

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கான 48 வார இன்டர்ஃபெரான் ஊசி முடிந்துவிட்டது. வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் இ ஆன்டிஜென் என்ற புரதம் மறைந்து, அதற்கெதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) வந்திருக்கிறது. வைரஸ் அளவும் நன்றாகக் குறைந்திருக்கிறது. தொற்று இன்னும் இருப்பதைக் காட்டும் மேற்பரப்பு ஆன்டிஜென் மட்டும் இன்னும் போகவில்லை. அதுவும் போகட்டும் என்று காத்திருந்து நன்றியைத் தள்ளிப்போட மனமில்லை.

டாக்டர் ஐயா, மாத்திரை வைரஸைப் பெருகவிடாது, ஆனால் கல்லீரல் செல்லின் கருவுக்குள் பதுங்கிய அதன் மூலப்பிரதியைத் தொடாது என்று படம் வரைந்து காட்டினீர்கள். வருடக்கணக்காக வைரஸோடு மல்லுக்கட்டிய டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் களைத்துப்போயிருக்கும், இந்த ஊசி எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பப் பார்க்கும் என்றீர்கள். கையோடு, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் இ ஆன்டிஜென் மறைந்து ஆன்டிபாடி வரும் என்பதையும் சொன்னீர்கள். ஆசை காட்டியிருந்தால் பாதியில் விட்டிருப்பேன். நடுவில், கல்லீரல் செல்களின் சேதத்தைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு எகிறி வீடே கலங்கியபோது, வைரஸ் புகுந்த செல்களை உடம்பே தாக்கும்போதும் இப்படி ஏறும் என்று சொல்லி, கல்லீரல் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் பிலிருபினையும் அடிக்கடி பார்த்துக்கொண்டீர்கள்.

செவிலியர் அக்கா, "ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் குத்தாதே, குளிர் விடட்டும். தொப்புளை விட்டுத் தள்ளி, தோலை மடித்துப் பிடி. போன வாரம் போட்ட இடத்தில் போடாதே." எல்லாம் நீங்கள் சொல்லித்தந்தது. ராத்திரியில் போட்டுக்கொண்டால் காய்ச்சலும் உடம்புவலியும் பாதி தூக்கத்திலேயே கழியும் என்பதும் உங்கள் யோசனைதான். வந்தபோதெல்லாம் "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டீர்களே, அதற்குத் தனி நன்றி. இந்த மருந்து மனச்சோர்வும் எரிச்சலும் தரும் என்று தெரியாவிட்டால், வீட்டில் நான் எரிந்து விழுந்ததையெல்லாம் என் குணம் என்றே எல்லோரும் முடிவு கட்டியிருப்பார்கள். (கொஞ்சம் என் குணமும்தான்.)

இந்த மருந்தால் ரத்தத்தில் வெள்ளணு, தட்டணு குறைகிறதா என்று பார்க்க, நரம்பு கிடைக்காத கையில் பொறுமையாக ரத்தம் எடுத்த ஆய்வகத் தம்பிக்கு நன்றி. ஒரே தட்டில் சாப்பிட்டால் இது ஒட்டாது என்று, விளக்கம் எதுவும் பேசாமல் என் தட்டிலேயே கை வைத்த அலுவலக நண்பருக்கும். முணுமுணுத்துக்கொண்டே பரிசோதனை செய்து தடுப்பூசியும் போட்டுக்கொண்ட அண்ணனுக்கும்.

ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இரு விஞ்ஞானிகள் 1957-இல் இன்டர்ஃபெரானைக் கண்டறிந்தார்கள். அது மருந்தானது, சோதனைக்குத் தம் உடம்பைக் கொடுத்த நோயாளிகளால். அவர்களில் பலருக்குப் பலனே கிடைத்திருக்காது. எனக்குக் கிடைத்த பலனில் அவர்கள் பங்கு பெரிது.

இதே ஊசியைத் தொடங்கப்போகிறவர்கள் யாரேனும் தயங்கினால், டாக்டர் ஐயா, தாராளமாக என்னைக் கூப்பிடுங்கள். முதல் ஊசியன்று பக்கத்தில் உட்கார வருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் நோயாளி