ஹெட் ஆபீஸ் சர்வர் டீமுக்கு மணலி யார்டுலேர்ந்து ஒரு மடல்

சர்வர் டீம் அண்ணன்மாரே, தம்பிங்களே, வணக்கம்.

மணலி கன்டெய்னர் யார்டுல நைட் ஷிஃப்ட் சிஸ்டம் பாக்குறவன் எழுதுறேன். எடை மேடை சர்வர சென்டோஸ் 6ன்ற பழைய லினக்ஸ்லேர்ந்து புது லினக்ஸுக்கு மாத்துனீங்க, சந்தோஷம், பழசுக்கு சப்போர்ட் 2020 நவம்பர்லயே முடிஞ்சுபோச்சு, இவ்ளோ நாள் ஓடுனதே அதிசயம். ஆனா நீங்க ஓஎஸ்ஸ தான் மாத்துனீங்க, எடை சீட்டு அடிக்குற ஜாவா புரோகிராம கெளப்புற சர்வீஸ மாத்தல. பழைய முறை ஸ்டார்ட் ஸ்கிரிப்டுங்க இருக்குற இனிட்.டி ஃபோல்டர்ல கெடந்த பழைய ஸ்கிரிப்ட அப்படியே காப்பி பண்ணி வெச்சிட்டு போயிட்டீங்க.

போன வாரம் நைட்டு ரெண்டே கால் மணிக்கு எடை சீட்டு வரல. சர்வீஸ் நெலமைய காட்டுற சிஸ்டம்சிடிஎல் கமாண்டுல ஸ்டேட்டஸ் பாத்தா பச்சை, 'ஆக்டிவ் எக்ஸிட்டட்'னு காட்டுது. உங்க ஆளுக்கு போன் போட்டா "பச்சையா தானே இருக்கு, கேபிள பாருங்க"ன்னாரு, நானும் தூசியில படுத்துக்கினு கேபிள கழட்டி கழட்டி மாட்டுறேன், அதுக்குள்ள லாரி கேட்ட தாண்டி ரோடு வரைக்கும் நிக்குது, ஒரு டிரைவர் எறங்கி வந்து "இன்னா சார், சீட்டு தருவியா, நான் இங்கயே தூங்கவா"ன்றாரு. கடைசியா, ஓடுற புரோகிராம்ங்கள காட்டுற பிஎஸ் கமாண்ட் அடிச்சு பாத்தா ஜாவா புராசஸே இல்ல!

பழைய ஸ்கிரிப்ட பாத்தா புது லினக்ஸ்ல சர்வீஸ கெளப்பி பாத்துக்குற சிஸ்டம்டி தானா ஒரு யூனிட், அதான் சர்வீஸோட செட்டிங் ஃபைல், செஞ்சுக்கும், அதுல ரிமெய்ன்ஆஃப்டர்எக்ஸிட் 'எஸ்', ரீஸ்டார்ட் 'நோ'. அதாவது ஸ்கிரிப்ட் ஒழுங்கா முடிஞ்சிட்டா போதும், உள்ள ஓடுனது செத்தாலும் பச்சை தான், எழுப்பவும் எழுப்பாது. இந்த பழைய ஸ்கிரிப்ட் சப்போர்ட்டயே எடுக்கப்போறோம்னு சிஸ்டம்டி ஆளுங்க 2023லயே சொல்லிட்டாங்க, அப்புறம் இன்னாத்துக்கு இன்னும் அதையே புடிச்சு தொங்குறீங்க?

சொந்தமா ஒரு யூனிட் ஃபைல் எழுதுங்க, பதினஞ்சு வரி தான். எத ஓட்டணும்னு சொல்ற எக்ஸெக்ஸ்டார்ட் வரில நேரா ஜாவாவ போடுங்க, டைப் சிம்பிள் (அங்க போட்டதே மெயின் புராசஸ்), ரீஸ்டார்ட் ஆன்-ஃபெயிலியர், ரீஸ்டார்ட்செக் 10, அப்போ விழுந்தா பத்து செகண்ட்ல தானா எழுப்பும். அந்த ஸ்கிரிப்டையே எக்ஸெக்ஸ்டார்ட்ல குடுத்துட்டு சிம்பிள்னு போட்டுடாதீங்க, அது ஜாவாவ பின்னாடி தள்ளிட்டு வெளிய வந்துடும், சிஸ்டம்டி கத முடிஞ்சுதுன்னு மிச்சத்தையும் சேத்து கொன்னுடும்.

இன்னொண்ணு. அந்த ஸ்கிரிப்ட்ல 'ஸ்லீப் 30', அதான் முப்பது செகண்ட் காத்திருன்னு ஒரு வரி இருக்கும், எங்க பழைய அண்ணன் ஒருத்தர் போட்டது. எடை மேடைலேர்ந்து வர்ற யூஎஸ்பி கன்வெர்ட்டர் பூட் ஆகும்போது லேட்டா தான் கண் முழிக்கும், அதுக்காக. அத சும்மா தூக்கி போட்டீங்கன்னா சர்வீஸ் முன்னாடியே எழுந்து போர்ட் காணோம்னு விழும். ஸ்லீப்புக்கு பதிலா டிடிஒய்யூஎஸ்பி0ன்ற அந்த கன்வெர்ட்டர் போர்ட்டோட டிவைஸ் யூனிட்ட ஆஃப்டர், பைண்ட்ஸ்டூ ரெண்டு வரிலயும் போடுங்க, போர்ட் வந்தப்புறம் தான் கெளம்பும். ப்ரொஃபைல் ஃபைல்ல இருக்குற ஜாவா ஹோமையும், அதான் ஜாவா இருக்குற எடத்தையும், யூனிட்லயே எழுதிடுங்க, சிஸ்டம்டி அந்த ப்ரொஃபைல் ஃபைல படிக்காது.

எங்களுக்கு ரூட் பாஸ்வேர்டு வேணாம், சர்வீஸ் லாக்க காட்டுற ஜர்னல்சிடிஎல் பாக்குற பர்மிஷன் மட்டும் குடுங்க, கேபிள கழட்டுறதுக்கு முன்னாடி லாக்க பாத்துக்குறோம்.

ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு எங்க யார்டுல லாரி கம்மி. யாராச்சும் ஒருத்தர் ஓஎம்ஆர் ஆபீஸ்லேர்ந்து நேர்ல வாங்க, நம்ம ரெண்டு பேரும் நின்னு மெஷின ரீபூட் அடிப்போம், ஜாவாவ கில் பண்ணி தானா எழுதான்னு பாப்போம். டீ, பன்னு என் செலவு.

இப்படிக்கு,
எடை மேடை ரூம், நைட் ஷிஃப்ட்