நேர்சாலையில் வைக்கோல் கட்டு வேண்டாம்: ஃபின்லாந்து ராலி குறித்து எஃப்ஐஏ-வுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) உலக ராலி ஆணைய உறுப்பினர்கள், யுவாஸ்குலா நகரில் ராலியை நடத்தும் ஏகேகே ஸ்போர்ட்ஸ் அமைப்பினர்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

2025 ஃபின்லாந்து ராலியைக் கல்லே ரோவன்பெரா மணிக்கு 129.95 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் வென்றார். உலக ராலி வரலாற்றில் இதுவரை இதைவிட வேகமாக எந்த ராலியும் ஓடியதில்லை. அதற்கு முந்தைய சாதனை 2016-இல் இதே ஊரில் கிரிஸ் மீக் ஓட்டிய 126.60. நீங்கள் நெடுங்காலமாகக் கவலையோடு பார்த்துவரும் 130 என்ற கோட்டுக்கு இப்போது முழு ராலியின் சராசரியே வந்து நிற்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம். நேர்சாலைகளின் நடுவே பிளாஸ்டிக் சுற்றிய வைக்கோல் உருளைகளை வைத்து, கார்களை இடமும் வலமுமாக வளைத்து ஓட்டச் சொல்லும் யோசனை மறுபடி மேசைக்கு வரும். 2017-இல் வந்தது, ஓட்டுநர்கள் அப்போதே வெளிப்படையாக எதிர்த்தார்கள். அந்தத் தடுப்புகள் வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல். டயருக்கும் சாலைக்கும் அவை என்ன செய்கின்றன என்பதையும், அவற்றுக்குப் பதிலாக எதைச் செய்யலாம் என்பதையும் சொல்கிறோம்.

முதலில் கணக்கு. ஓவ்னின்பொஹ்யா ஸ்டேஜை (இந்த ராலியில் நேரம் கணக்கிட்டு ஓடும் சாலைப் பகுதிகளில் ஒன்று) முழு நீளத்தில், சுமார் 33 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 130 என்றால் ஓடி முடிக்க 15 நிமிடம் 14 வினாடி ஆகும். சராசரியை 127-க்கு இறக்க வேண்டுமானால் நேரம் 15 நிமிடம் 35 வினாடியாக வேண்டும். வித்தியாசம் 21 வினாடிதான். ஒரு தடுப்பு ஏழு வினாடியை விழுங்கும் என்றால், மூன்று தடுப்புகளில் தாளில் உள்ள எண் சரியாகிவிடும். ஆனால் அந்த மூன்று இடங்களைத் தவிர, ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தூரம் கார் முன்பு ஓடிய அதே வேகத்தில்தான் ஓடுகிறது. மரங்கள் நெருங்கி நிற்கும் இடத்திலும், முகட்டைத் தாண்டிப் பறக்கும் இடத்திலும் ஒரு கிலோமீட்டர் வேகம்கூடக் குறைவதில்லை. சராசரி என்ற அளவுகோலின் குறை இதுவே. ஆபத்து ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி. சராசரியோ அவற்றையெல்லாம் ஒன்றாகக் கரைத்துவிடுகிறது.

இனி டயருக்கு வருவோம். சரளை ஸ்டேஜ்களில் ஓடும் டயரின் அளவு 205/65-15. விட்டம் ஏறத்தாழ 648 மில்லிமீட்டர். சுற்றளவு இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டும். மணிக்கு 180 கிலோமீட்டரில் அது வினாடிக்குக் கிட்டத்தட்ட 25 முறை சுழல்கிறது. ட்ரெட்டில் (தரையைத் தொடும் வரிவரியான ரப்பர் பரப்பில்) உள்ள ஒவ்வொரு ரப்பர் கட்டையும் வினாடிக்கு 25 முறை தரையில் அமுங்கி எழுகிறது. அந்த வேகத்தில் ட்ரெட்டின் மேல் செயல்படும் மையவிலக்கு இழுவை புவியீர்ப்பைப் போல 780 மடங்குக்கு மேல். பத்து கிராம் எடையுள்ள ரப்பர் துண்டு தன் வேரிலிருந்து எட்டு கிலோ விசையோடு பிய்த்துக்கொள்ளப் பார்க்கிறது. ரப்பர் அளவான சூட்டில் இருக்கும்வரை தாங்கும். சூடு மிஞ்சினால் கட்டையின் அடியில் மயிரிழை விரிசல் விழும், அடுத்து துண்டு துண்டாகப் பிய்ந்து போகும். வேகமான சாலையில் டயர் தேய்வதைவிட இப்படிப் பிய்வதுதான் பெரிய தலைவலி.

இந்தச் சூட்டைத் தடுப்பு எப்படிக் கூட்டுகிறது என்று பாருங்கள். 2025 விதிப்படி, உலக ராலியின் உச்சப் பிரிவான ராலி1 காரின் குறைந்தபட்ச எடை 1180 கிலோ. ஆட்கள், எரிபொருள், ஸ்பேர் எல்லாம் சேர்த்தால் 1380 கிலோவாவது வரும். 180-இலிருந்து 60-க்கு வேகத்தை இறக்க 15 லட்சம் ஜூல் ஆற்றலைக் கரைக்க வேண்டும். சரளையில் பிடிமானம் குறைவு என்பதால், ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 6 மீட்டர் வீதம் குறைந்தாலும் பிரேக் பிடிக்கும் தூரம் 185 மீட்டர். சரளைக்கான பிரேக் வட்டு 300 மில்லிமீட்டர். அது 15 அங்குல ரிம்முக்குள் நெருக்கமாக அடைபட்டிருக்கிறது. வட்டின் சூடு ரிம்முக்கும், ரிம்மிலிருந்து டயருக்குள் இருக்கும் காற்றுக்கும் போகிறது. 20 டிகிரியில் 2 பார் அடைத்த காற்று 80 டிகிரிக்குச் சூடேறினால் 2.6 பாரைத் தொடும். டயரின் நடுப்பகுதி புடைத்து, தரையைத் தொடும் பரப்பு சுருங்கி, நடு ட்ரெட் மட்டும் தேயத் தொடங்கும். இதற்குப் பயந்து ஆரம்பத்திலேயே காற்றைக் குறைத்து அடைத்தால் வேறு ஆபத்து: முகட்டிலிருந்து இறங்கும்போது பக்கச்சுவர் ரிம்மின் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, இரண்டு இடத்தில் வெட்டுப்படும். தடப்பள்ளத்தில் பக்கவாட்டாகச் சறுக்கினால் டயரின் ஓரம் ரிம்மை விட்டுக் கழன்றும் போகலாம்.

சாலைக்கு நேர்வது இன்னும் மோசம். ஃபின்லாந்தின் சரளைச் சாலை கோடையில் கால்சியம் குளோரைடு தெளித்து இறுக்கப்படுவது. மேலே உருளும் மெல்லிய சரளைப் படலம், கீழே கெட்டியான அடித்தளம். அதற்கும் கீழே பனிப்பாறைக் காலம் விட்டுச்சென்ற கற்கள். குளிர்காலத்தில் மண் உறைந்து ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கற்களை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இயல்பான ஓட்டத்தில் ஒவ்வோர் ஓட்டுநரும் சற்றே வேறு வேறு புள்ளியில் பிரேக் பிடிப்பார். தேய்மானம் நீளத்துக்குப் பரவும். தடுப்பு வைத்த இடத்திலோ எல்லாக் காரும் ஒரே 185 மீட்டரில் பிரேக் பிடித்து, ஒரே இடுக்கில் நுழைந்து, ஒரே இடத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்துகின்றன. நான்கு சக்கரமும் ஒரே கோட்டைக் கிளறுகின்றன. ஒரே ஸ்டேஜை இரண்டு சுற்று ஓடுவார்கள். முதல் சுற்றிலேயே அடித்தளம் உடைந்து கல் வெளியே வந்துவிடும். இரண்டாம் சுற்றில் அதே பள்ளத்துக்குள் முழு பிரேக்கில் கார்கள் இறங்குகின்றன. அப்போது கூர்மையான கல் ஒன்று முன்டயரின் பக்கச்சுவரில் படுவது தற்செயல் அல்ல.

ராலி1 கார்களுக்கே இந்த நிலை என்றால், பின்னால் வரும் ராலி2, ராலி3 கார்களை நினைத்துப் பாருங்கள். இளையோர் சாம்பியன்ஷிப் பிள்ளைகள் ஃபீஸ்டா ராலி3-இல், குறைந்த சக்தியோடும் எண்ணிக்கைக் கட்டுப்பாடு உள்ள டயர்களோடும், முன்னால் போனவர்கள் தோண்டிய பள்ளத்தில்தான் ஓடியாக வேண்டும். அவர்களின் வேகம் உங்களுக்கு ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை. ஆனால் தடுப்பின் முழுச் செலவும் அவர்கள் தலையில் விழுகிறது.

இன்னொன்றும் உண்டு. வைக்கோல் உருளையில் ஒரு கார் உரசினால் அது ஓரடி நகர்ந்துவிடும். ரெக்கியில் (ராலிக்கு முன் சாலையைப் பார்வையிடும் ஓட்டத்தில்) எழுதிய பேஸ் நோட் (வழிக்குறிப்பு) அடுத்த காருக்குப் பொய்யாகிறது. உருளை உடைந்தால் வைக்கோல் ரேடியேட்டர் முகப்பை அடைக்கும். அதற்குப் பிறகு டயரைப் பற்றி யோசிக்க எஞ்சின் இருக்காது.

உருளைகளையே வேண்டாம் என்கிறோமா? இல்லை. வளைவின் உட்புறத்தில் காரை ஓரம் வெட்டவிடாமல் நட்டு வைக்கும் கம்பங்களையும் கட்டுகளையும் நாங்கள் முழுமனதோடு ஆதரிக்கிறோம். வேலை பார்க்கும் விதமே வேறு. வளைவின் உள்விளிம்பைச் சக்கரம் வெட்டும்போதுதான் சாக்கடை ஓரத்துக் கல்லும் மண்ணும் சாலைக்கு இழுபட்டு வருகின்றன. கம்பம் அதைத் தடுக்கிறது, காரைச் சாலையிலேயே வைத்திருக்கிறது, வளைவின் வேகத்தையும் கொஞ்சம் குறைக்கிறது. 2024-இல் வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, கடைசி நாளில் சாலையில் கிடந்த ஒரு கல்லில் மோதி ரோவன்பெரா வெளியேறினார். செபாஸ்டியன் ஓஜியே வென்றார். வேகத்தை மட்டும் குறைத்து அந்தக் கல்லை அகற்றியிருக்க முடியாது. முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவே கிடைக்கும் சில மணி நேரத்தில், முன்கூட்டியே குறித்துவைத்த வளைவுகளில் மட்டும் ஒரு சிறு குழு போய்க் கல் பொறுக்கி, உள்விளிம்பில் சரளை நிரப்பி, திமிசுக்கட்டையால் இறுக்கினால் போதும். முழு ஸ்டேஜையும் சமன்படுத்தத் தேவையில்லை. அப்படிச் செய்தால் முதலில் ஓடுபவர் உதிரிச் சரளையைப் பெருக்கி நேரம் இழப்பது மறுபடி தொடங்கிவிடும். மோசமான பத்துப் பதினைந்து வளைவுகள் எவை என்பதை முதல் சுற்றில் ஓடிய ஓட்டுநர்களைக் கேட்டாலே தெரியும்.

வேகத்தைக் குறைக்க உண்மையான வழி சாலைத் தேர்வுதான். யுவாஸ்குலாவைச் சுற்றி அகலமான, தேர் ஓடும் வீதி போன்ற சாலைகள் மட்டுமா இருக்கின்றன? அதே காட்டுக்குள் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டிய குறுகிய சாலைகளும் உண்டு. ஓவ்னின்பொஹ்யாவில் 2003-இல் மார்க்கோ மார்ட்டின் மணிக்கு 171 கிலோமீட்டரில் 57 மீட்டர் பறந்தார். 1.2 வினாடி நான்கு டயரும் தரையில் இல்லை; அந்த நேரத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை. அப்படி ஒரு முகட்டுக்கு முன்னால் சந்திப்புச் சாலை ஒன்றில் திருப்பி, இயற்கையான வளைவு வழியே காரைக் கொண்டுவந்தால், 171-க்குப் பதில் 160-இல் பறக்கும். பறக்கும் தூரம் 50 மீட்டராகச் சுருங்கும். ஏதாவது தவறினால் மோதலின் ஆற்றல் எட்டில் ஒரு பங்கு குறையும். குறைய வேண்டிய இடத்திலேயே குறையும். சராசரியிலோ அது கண்ணுக்கே தெரியாது. ஆகவேதான், சராசரி என்ற ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, கார்களில் ஏற்கெனவே இருக்கும் ஜிபிஎஸ் பதிவிலிருந்து ஒவ்வொரு முகட்டிலும், மரம் நெருங்கும் ஒவ்வொரு இடத்திலும் எட்டிய உச்ச வேகத்தைப் பார்த்து முடிவெடுங்கள் என்கிறோம். 2017-இல் ஸ்வீடனில் க்னோன் ஸ்டேஜின் சராசரி 137-ஐத் தாண்டியதால் இரண்டாம் சுற்றையே ரத்து செய்தீர்கள். அங்கே எந்த வளைவு ஆபத்தானது என்று அந்த எண் சொல்லவில்லை.

டயரின் பிடிமானத்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்ற கருத்தும் அவ்வப்போது எழுகிறது. அதில் பாதிதான் உண்மை. வளைவின் வேகம் குறையும் என்பது சரி. ஆனால் நேர்சாலையின் உச்ச வேகம் எஞ்சினையும் கியரையும் பொறுத்தது. அது அப்படியே இருக்கும். பிடிமானம் குறைந்த அளவுக்குப் பிரேக் தூரம் நீளும். 180-இல் வருபவர் நிற்க முடியாமல் காட்டுக்குள் போவார். எங்களுக்கு வேண்டியது பிடிமானம் குறைந்த டயர் அல்ல, நடத்தை முன்கூட்டியே தெரிகிற டயர். முதல் சுற்றில் உதிரிச் சரளையை ஒதுக்கி அடித்தளத்தைக் கடிக்க மென்கலவை உதவும். பெருக்கப்பட்ட இரண்டாம் சுற்றில், வெயிலில், அதே மென்கலவை சூடேறிப் பிய்யும். அங்கே வன்கலவை வேண்டும். ஒவ்வொரு கலவையும் தாங்கும் வெப்ப வரம்பு அகலமாக இருந்தால் ஓட்டுநர் தவறான தேர்வு செய்தாலும் உயிருக்கு ஆபத்து வராது. 2008 முதல் டயருக்குள் நுரை அடைக்கும் ஏற்பாடு இல்லை என்பதால் பக்கச்சுவரின் வலிமைதான் கடைசிக் காப்பு. இரண்டு ஸ்பேர் ஏற்றலாம் என்றாலும் எடைக்குப் பயந்து இங்கே பலர் ஒன்றோடு போகிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு சின்ன வேண்டுகோள். ஒவ்வொரு சரளை ராலிக்கும் பிறகு கழற்றிய டயர்களை நிறுவனத்தின் பொறியாளர்கள் எப்படியும் சோதிக்கிறார்கள். பக்கச்சுவர் வெட்டு எத்தனை, ரிம்மில் நசுங்கியது எத்தனை, ட்ரெட் பிய்ந்தது எத்தனை, ஓரம் கழன்றது எத்தனை, எந்த ஸ்டேஜில் எத்தனையாவது கிலோமீட்டரில் என்று பொதுவில் வெளியிடச் சொல்லுங்கள். அணிகளின் பெயர் வேண்டாம். தடுப்பு வைத்த ஆண்டுகளையும் வைக்காத ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நாங்கள் சொல்வது சரியா தவறா என்று தெரிந்துவிடும். டயர் பற்றித் தமிழில் இவ்வளவு பேசுவானேன் என்று யாராவது கேட்டால்: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்ஆர்எஃப் டயரில்தான் எஃப்ரேன் யாரேனா 2022 ஐரோப்பிய ராலி சாம்பியனானார். இங்கேயும் இந்தக் கணக்குகளைப் போட ஆள் இருக்கிறார்கள்.

எல்லாம் சொல்லியும், ஏதோ ஒரு நேர்சாலையில் தடுப்பு வைத்தே தீர வேண்டும் என்று நீங்கள் முடிவெடுத்தால், குறைந்தபட்சம் இவற்றையாவது பாருங்கள். முகடு முடிந்து கார் தரையில் நிலைகொண்ட பிறகு 200 மீட்டருக்குக் குறையாத பிரேக் இடம் விடுங்கள். இறங்கும் இடத்தில் பிரேக் பிடிக்கவைத்தால் முன்டயர்கள் இரட்டைச் சுமையில் நசுங்கும். உருளைகளைத் தரையில் முளை அடித்துக் கட்டுங்கள். ஒவ்வொரு காருக்குப் பிறகும் இடம் சரிபார்க்க ஒரு மார்ஷலை நிறுத்துங்கள். பிரேக் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ராலிக்குச் சில வாரம் முன்பே கூடுதல் நொறுங்கு கல் பரப்பி ரோடு ரோலர் ஓட்டி இறுக்குங்கள். முதல் சுற்று முடிந்ததும் அந்த 185 மீட்டரை மட்டும் மறுபடி நிரப்புங்கள். ரெக்கி அன்றே தடுப்பு அதன் இறுதி இடத்தில் நிற்கட்டும்; அதன் பிறகு ஓர் அங்குலம்கூட நகர்த்த வேண்டாம்.

அடுத்த ஆண்டின் வழித்தட வரைவு உங்கள் மேசைக்கு வரும்போது இதையும் சேர்த்துப் படிப்பீர்கள் என்று நம்புகிறோம்.

இப்படிக்கு,
சரளைச் சாலையையும் டயரையும் நேசிக்கும் தமிழ் ராலி ஆர்வலர்கள்