சுத்தியலும் ஒரு பெரியவரும்

கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பா,

பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். இங்கே மாங்காய் சீசன் முடியப் போகிறது. பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய வண்டிகள் கூழ் ஃபேக்டரி வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன.

மீம் எங்கிருந்துதான் கிளம்புகிறது என்று கேட்டிருந்தாய். அந்தச் சொல்லை 1976-ல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற உயிரியல் அறிஞர் உண்டாக்கினார். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்து பரவுகிற பாட்டு, பேச்சு, பழக்கம் எல்லாவற்றுக்கும் அவர் வைத்த பெயர் அது. அப்படிப் பார்த்தால் நாம் வகுப்பில் கவுண்டமணி வசனம் பேசித் திரிந்ததும் மீம்தான்.

2019 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு பேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படம் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பேர் என்று கேட்டிருந்தார்கள். நம்மாள் ஒருவர், இதன் பேர் சுத்தியல், இது விழுந்துதான் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணிக்கு மண்டை உடைந்தது என்று எழுதினார். இப்போது எப்படி இருக்கிறார் என்று இன்னொருவர் கேட்டார். அவ்வளவுதான், நேசமணிக்காகப் பிரார்த்தனை ட்விட்டரில் உலக அளவில் ட்ரெண்ட் ஆனது! நேசமணி 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த பாத்திரம்; அந்தப் படம் வந்து அப்போதே 18 வருடம். யாரும் திட்டம் போடவில்லை. வடிவேலுவைப் பார்த்து ஒன்றாகச் சிரித்தவர்கள் ஆளுக்கொரு வரி சேர்த்தார்கள். அதனால்தான் எனக்கு அது இன்னும் பிடிக்கிறது.

நேசமணி கற்பனை ஆள், அவருக்கு வலிக்காது. ஆனால் நிஜ ஆட்களும் மீம் ஆகிறார்கள். கடற்கரையில் மணலை இறுக்கிப் பிடித்த அமெரிக்கக் குழந்தையின் படம் மீமாகச் சுற்றியதைப் பார்த்திருப்பாய். 2007-ல் அவன் அம்மா எடுத்தது. 2015-ல் அவன் அப்பாவுக்குச் சிறுநீரக மாற்று ஆபரேஷன் செய்யப் பணம் தேவைப்பட்டபோது, அந்தப் படத்தால் அவனை அறிந்தவர்கள் எங்கெங்கிருந்தோ அனுப்பினார்கள்.

இங்கே நடந்தது வேறு. போன மாதம் மண்டியில் வாய் திறந்தபடி அசந்து தூங்கிய ஒரு பெரியவரை யாரோ படம் பிடித்து, வசனம் எழுதிப் பரப்பிவிட்டார்கள். நானும் சிரித்துவிட்டு நாலு பேருக்கு அனுப்பினேன். அது பாலக்கோட்டில் அவர் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு வரை போய்விட்டது. மனிதர் மண்டிக்கு வருவதையே நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "இதை அழிக்க முடியுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து நான் அனுப்பிய ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த நாலு பேரில் நீயும் ஒருவன். உன் போனில் இருந்தால் அழித்துவிடு. யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களிடமும் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்