வேகப் பாதையைத் தெற்கேயும் நீட்டுங்கள்

ரயில்வே வாரியத்துக்கும், தேசிய அதிவேக ரயில் கழகத்துக்கும், தமிழ்நாடு அரசுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

2026–27 மத்திய பட்ஜெட்டில் ஏழு அதிவேக ரயில் பாதைகளை அறிவித்தார்கள். அவற்றில் இரண்டு சென்னையைத் தொடுகின்றன. ஒன்று ஹைதராபாத்திலிருந்து வருகிறது, இன்னொன்று பெங்களூருக்குப் போகிறது. இரண்டும் தேவையான பாதைகள்தான். பெங்களூருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் இந்த ஏழிலும் சென்னைக்குத் தெற்கே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி, கன்னியாகுமரி எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் கோவில்பட்டிக்காரன். பிழைப்புக்காகச் சென்னை வந்து, தாம்பரத்தில் குடியிருக்கிறேன். எங்கள் தெருவில் விசாரித்தாலே தெரியும், பாதிப் பேர் திருச்சிக்குத் தெற்கே உள்ளவர்கள். மளிகைக்கடைக்காரர் சாத்தான்குளம் பக்கம், எதிர்வீட்டு நர்ஸம்மா மானாமதுரை, கீழ்வீட்டுப் பையன்கள் தென்காசி. இவர்கள் எல்லோருக்கும் ஊர் என்பது ஒரு ராத்திரிப் பயணம். பாண்டியன், நெல்லை, பொதிகை, முத்துநகர், அனந்தபுரி, கன்னியாகுமரி என்று இந்த ரயில்களின் பெயர்களை எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரிந்து வைத்திருப்பார்கள்.

பண்டிகைக்கு முந்தைய நாள் சாயங்காலம் நீங்கள் யாராவது தாம்பரம் ஸ்டேஷனுக்கோ எழும்பூருக்கோ வந்து பொதுப் பெட்டிக்கு நிற்கும் வரிசையைப் பார்க்க வேண்டும். ரயில் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும், வரிசை பிளாட்பாரத்தின் பாதியைத் தாண்டியிருக்கும். போலீஸ்காரர்கள் கயிறு கட்டி ஒவ்வொருவராக ஏற்றுவார்கள். கைக்குழந்தையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்துவிட்டு, அம்மா வாசல் வழியாக ஏறி வந்து வாங்கிக்கொள்வாள். இடம் கிடைக்காதவர்கள் கழிப்பறைக்கு வெளியே பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள், விருத்தாசலம் தாண்டியும் அப்படியே இருப்பார்கள். முன்பதிவு செய்துகொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். 60 நாளைக்கு முன்பு காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கிறது. பொங்கல், தீபாவளி என்றால் சில நிமிடத்திலேயே வெயிட்டிங் லிஸ்ட். அப்புறம் ஆம்னி பஸ், அந்தந்த நாளுக்கு அவர்கள் வைத்த விலை. அதிலும் பெருங்களத்தூரைத் தாண்டவே பாதி ராத்திரி ஆகிவிடும்.

பண்டிகையை விடுங்கள், முன்பதிவு செய்ய முடியாத பயணங்கள் இருக்கின்றன. காலை ஏழு மணிக்கு ஊரிலிருந்து போன் வரும், பெரியப்பா இறந்துவிட்டார் என்று. அடுத்த கேள்வி, "எடுக்கிறதுக்குள்ள வந்துருவியா?" சென்னையில் இருக்கும் தென்மாவட்டத்துக்காரர்கள் கேட்டிராத கேள்வி அல்ல இது. காலை ரயில் போயிருக்கும். வைகை மத்தியானம்தான், அது மதுரை போய்ச் சேரும்போதே இரவு. தெரிந்தவர்கள் நாலு பேர் சேர்ந்து கார் பிடித்து, தூங்காத டிரைவரை வைத்துக்கொண்டு, அறுநூறு கிலோமீட்டர் விரட்டிக்கொண்டு போவார்கள். வழியிலேயே "எடுத்தாச்சு" என்று போன் வந்தவர்களும் உண்டு. வேக ரயிலை வணிகத்தோடும் முதலீட்டோடும் மட்டும் சேர்த்துப் பேசும்போது இந்தப் பயணங்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. எனக்கு இவைதான் முதல் கணக்கு.

தெற்குக்கு எல்லாம் தாமதமாகத்தான் வந்திருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்டது. அது மேற்கே போன அகலப் பாதை. எழும்பூரிலிருந்து தெற்கே போனது தண்டவாள இடைவெளி குறைந்த மீட்டர் கேஜ். சென்ட்ரலில் பெரிய ரயிலும் எழும்பூரில் சின்ன ரயிலும் பார்த்தே ஒரு தலைமுறை முழுக்க வளர்ந்தது. 1977 ஆகஸ்ட் 15ல் அந்த மீட்டர் கேஜிலேயே வைகை எக்ஸ்பிரஸை விட்டார்கள், மதுரைக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. அகலப் பாதை, மின்சார எஞ்சின் எல்லாம் வந்த பிறகும் வைகையின் நேரத்தில் பெரிய மாற்றம் இல்லை. 2019ல் தேஜஸ் வந்தபோது ஆறரை மணி நேரம் ஆனது. 2023ல் திருநெல்வேலிக்கு வந்தே பாரத் விட்டீர்கள். நல்ல ரயில், சுமார் 650 கிலோமீட்டரை எட்டு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாஞ்சி மணியாச்சி – திருநெல்வேலி இரட்டைப் பாதையும், மேலப்பாளையம் – ஆரல்வாய்மொழி இரட்டைப் பாதையும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது 2024 பிப்ரவரியில்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். மற்ற பகுதிகள் புல்லட் ரயில் பேசிக்கொண்டிருந்தபோது நாங்கள் இரண்டாவது தண்டவாளத்துக்குக் காத்திருந்தோம்.

இருக்கிற பாதையில் இதற்கு மேல் வேகம் கூட்டுவது கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். தாம்பரம் – செங்கல்பட்டு இடையே ஒரே தடத்தில் மின்சார ரயிலும் எக்ஸ்பிரஸும் சரக்கு வண்டியும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஓடுகின்றன. அதற்குத் தெற்கே அரியலூர் சிமென்ட், தூத்துக்குடித் துறைமுகச் சரக்கு எல்லாம் இதே பாதையில்தான் வந்தாக வேண்டும். எவ்வளவு நல்ல பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினாலும் முன்னால் கூட்ஸ் நின்றால் பின்னால் எல்லாம் நிற்கும். தனிப் பாதை இல்லாமல் தனி வேகம் வராது.

இப்போது கட்டிக்கொண்டிருக்கும் மும்பை – அகமதாபாத் புல்லட் ரயில் பாதையின் நீளம் 508 கிலோமீட்டர். அதில் 320 கிலோமீட்டர் வேகத்தில், குறைவான நிலையங்களில் நிற்கும் ரயில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும் என்று திட்டம் சொல்கிறது. சென்னையிலிருந்து மதுரை சுமார் 490 கிலோமீட்டர். ஏறக்குறைய ஒரே தூரம். காலையில் கிளம்பி, மதுரையில் ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மாவைப் பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தாம்பரம் திரும்பலாம். சிவகாசி அச்சகக்காரர் சென்னையில் ஆர்டர் பேசிவிட்டு அன்றைக்கே ஊர் திரும்பலாம். வழக்குக்காகச் சென்னை வரை அலைய முடியவில்லை என்று தெற்கே உள்ளவர்கள் பல காலம் கேட்டுத்தான் 2004ல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை வந்தது. நீதிமன்றத்துக்குக் கிளை வைக்கலாம், எல்லாவற்றுக்கும் வைக்க முடியுமா? குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது, தூத்துக்குடியில் கார் தொழிற்சாலை வந்துவிட்டது. அங்கே வேலைக்கு வரும் பொறியாளர் சென்னையில் இருக்கும் குடும்பத்தை வாரக் கடைசியில் பார்த்துவிட்டு வர முடிந்தால்தான் அந்த ஊர்கள் வளரும். இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகள் தாம்பரத்துக்கே வந்துகொண்டிருப்பார்கள்.

தெற்கே அவ்வளவு பயணிகள் கட்டணம் கொடுத்து வரமாட்டார்கள், பெருநகரங்களை இணைப்பதே லாபம் என்று உங்கள் ஆய்வு சொல்லலாம். ஸ்பெயின் நாட்டை எடுத்துப் பாருங்கள். 1992ல் அவர்கள் முதல் அதிவேகப் பாதையை மாட்ரிடிலிருந்து நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான பார்சிலோனாவுக்குப் போடவில்லை. தெற்கே, வசதி குறைந்த ஆந்தலூசியாவில் இருக்கும் செவில்லுக்குப் போட்டார்கள். பார்சிலோனாவுக்கு முழுப் பாதை போய்ச் சேர்ந்தது 2008ல். 1992ல் செவில்லில் உலகக் கண்காட்சி நடந்தது என்பதும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் பின்தங்கிய தெற்கைத் தலைநகரோடு முதலில் இணைப்பது என்று ஒரு நாடு முடிவெடுத்து, செய்தும் காட்டியது.

ஸ்பெயினிடம் இன்னொன்றும் இருக்கிறது. அவர்களுடைய பழைய பாதையும் நம்முடையதைப் போலவே அகலமானது. நமக்கு 1676 மில்லிமீட்டர், அவர்களுக்கு 1668. அதிவேகப் பாதையை மட்டும் உலகெங்கும் உள்ள 1435 மில்லிமீட்டரில் போட்டார்கள். அப்படியானால் வேகப் பாதை முடியும் இடத்தில் எல்லோரும் இறங்கி மாற வேண்டியதுதானா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். சக்கரங்களின் இடைவெளியை மாற்றிக்கொள்ளும் டால்கோ ரயில்கள் வேகப் பாதையில் வந்து, பழைய பாதைக்கு இறங்கி, மலகா வரை அப்படியே போயின. இங்கேயும் முதல் கட்டமாகத் திருச்சி வரை பாதை போட்டால், அதே ரயில் தஞ்சாவூருக்கும் காரைக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போக வழி உண்டா, அல்லது அகலப் பாதையிலேயே கட்டிவிடலாமா என்பதை ஆரம்பத்திலேயே தீர்மானியுங்கள். மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதைக்கு மாற எங்களுக்கு எத்தனை காலம் ஆனது என்று தெற்கு ரயில்வேக்குத் தெரியும். அதே அவஸ்தை இன்னொரு தடவை வேண்டாம்.

தமிழ்நாடு அரசுக்கு ஒரு வேண்டுகோள். சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை 160 கிலோமீட்டர் வேகத்தில் மண்டல விரைவு ரயில் விட ஆய்வு செய்வதாக அறிவித்திருக்கிறீர்கள். நல்ல யோசனை. டெல்லி – மீரட் பாதையில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதே வழியில் நாளைக்கு மத்திய அரசும் ஒரு வேகப் பாதைக்கு நிலம் கேட்டு வந்தால் என்ன ஆகும்? ஒரே ஊரில் இரண்டு தடவை நிலம் எடுப்பார்கள், இரண்டு தடவை வீடு இடிப்பார்கள். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து ஏகனாபுரத்து மக்கள் 2022லிருந்து போராடுவதைப் பார்த்த பிறகாவது, நிலம் கேட்கும் முன்பு இரண்டு அரசும் ஒரே மேசையில் உட்காருங்கள். கேட்பதை ஒரே தடவை கேளுங்கள், கொடுக்கவேண்டியதை முன்கூட்டியே கொடுங்கள்.

ஸ்டேஷன் எங்கே என்பது வேகத்தைவிடப் பெரிய கேள்வி. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் கடைசியில் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை, மெட்ரோவும் இல்லை. வடசென்னையிலிருந்து மூட்டை முடிச்சோடு அங்கே போய்ச் சேருவதே ஒரு வெளியூர்ப் பயணமாக இருந்தது. வேக ரயில் நிலையத்தை ஊருக்கு வெளியே, நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வைத்தால் இதுதான் நடக்கும். பிரான்சில் அமியான், சான் கான்தான் என்ற இரண்டு ஊருக்கும் நடுவே வயல்வெளியில் ஒரு வேக ரயில் நிலையம் கட்டினார்கள். இரண்டு ஊருக்கும் அது வசதியாக இல்லை. திருச்சியிலும் மதுரையிலும் பழைய ஜங்ஷனிலேயே, முடியாவிட்டால் ஜங்ஷனிலிருந்து ஒரே ரயிலில் போகிற இடத்தில் நிலையம் வையுங்கள். சென்னையில் தாம்பரத்தில் கட்டாயம் ஒரு நிறுத்தம் வேண்டும்.

அப்புறம், தண்ணீர். பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி, வைகை, தாமிரபரணி எல்லாவற்றையும் இந்தப் பாதை தாண்டியாக வேண்டும். நடுவில் மதுராந்தகம் போல ஏரிகள், மதுரைக்குக் கீழே கண்மாய்கள். 1956 நவம்பரில் அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதமாகி, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்தப் பக்கத்துக் கிழவர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள். மண்மேடு போட்டு ரயில் விட்டால், மேற்கேயிருந்து வரும் மழைத்தண்ணீர் மேட்டில் முட்டி நிற்கும். ஒரு பக்கம் வயல் மூழ்கும், மறு பக்கம் கண்மாய் காயும். மும்பை – அகமதாபாத் பாதையின் பெரும்பகுதி தூண்கள் மேல்தான் போகிறது. இங்கேயும் அப்படியே போடுங்கள். செலவு கூடும், நிலம் மிச்சமாகும், வாய்க்கால் அதன் வழியில் ஓடும்.

செலவு பெரிதுதான். மும்பை – அகமதாபாத் பாதைக்கு ஆரம்பத்தில் போட்ட மதிப்பீடே 1.08 லட்சம் கோடி ரூபாய். ஜப்பான் 0.1 சதவீத வட்டியில் 50 வருடக் கடனாகப் பெரும்பகுதியைக் கொடுத்தது. 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியும் இன்னும் ரயில் ஓடவில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. இவ்வளவு காலம் பிடிக்கும் வேலை என்றால் எங்கள் ஆய்வை இன்றைக்கே தொடங்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அடுத்த பட்டியல் வரட்டும் என்று காத்திருந்தால் இப்போது பொதுப் பெட்டியில் ஏறும் பையன் தாத்தா ஆகிவிடுவான்.

அந்தப் பையனால் டிக்கெட் வாங்க முடிய வேண்டும் என்பதும் முக்கியம். வேக ரயில் வந்ததும் ராத்திரி ரயில்களில் பொதுப் பெட்டியைக் குறைத்துவிடாதீர்கள், வைகை, பல்லவன் போன்ற ரயில்களின் இரண்டாம் வகுப்பில் கை வைக்காதீர்கள். வேக ரயிலிலும் கட்டிட வேலைக்கு வந்தவர் அவசரத்துக்கு ஏறக்கூடிய விலையில் சில பெட்டிகள் இருக்கட்டும்.

நான் கேட்பது சென்னை – திருச்சி – மதுரை – திருநெல்வேலி – கன்னியாகுமரி வழித்தடத்தை, தூத்துக்குடிக்கு ஒரு கிளையோடு, அதிவேகப் பாதைகளின் பட்டியலில் சேர்த்து, விரிவான திட்ட அறிக்கைக்கு இந்த நிதியாண்டிலேயே உத்தரவு போடுவது. அந்த அறிக்கையைத் தமிழில் வெளியிடுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தைச் சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் முடித்துவிடாமல் விழுப்புரத்திலும் அரியலூரிலும் விருதுநகரிலும் கோவில்பட்டியிலும் நடத்துங்கள். தேதி சொன்னால் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
தாம்பரத்தில் குடியிருக்கும் ஒரு கோவில்பட்டிக்காரன்
சென்னை