குருகின் காலும் மறைபொருளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூல்களில் மறைபொருள் தேடுவது, எழுதியவர் நினைத்தும் பாராததை அவர் தலையில் கட்டும் வேலை என்று சென்ற இதழின் வாசிப்புக் கட்டுரை கூறியிருந்தது. அப்படிக் கட்டுகிறவர்கள் நிறைய உண்டுதான். ஆனால் சொல்லாமல் சொல்வதற்கு உள்ளுறை, இறைச்சி என்று பெயரிட்டு, உள்ளுறை தெய்வம் நீங்கலான கருப்பொருளையே (அந்தந்த நிலத்துக்குரிய விலங்கு, பறவை, மரம் போன்றவற்றையே) இடமாகக் கொள்ளும் என்று எல்லையும் வகுத்த தொல்காப்பியத்தை வைத்துக்கொண்டு, அவ்வாசிப்பையே வீண் என்று ஒதுக்குவதை ஏற்க இயலவில்லை.

கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாடலைப் பாருங்கள். களவில், அதாவது ஊரறியாமல் மறைவாக, மணந்தபோது அருகில் யாரும் இல்லை, அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன் என்று கலங்கும் தலைவிக்குக் கடைசியில் ஒரு சாட்சி நினைவுக்கு வருகிறது: 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.' தினைத் தாள் போன்ற சிறிய பசிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனையே பார்த்து நின்ற பறவையான அந்தக் குருகு இவர்களை எங்கே பார்த்திருக்கப் போகிறது? வாயும் இல்லாத, கண்ணும் வேறிடத்தில் இருந்த அந்தச் சாட்சியையும் விடாமல் சேர்த்துக்கொள்கிறாளே, 'குருகும்' என்பதில் வரும் அந்த 'உம்' என்ற உம்மையில் அவளுடைய கதியற்ற நிலை முழுவதும் இருக்கிறது.

நான் பாடம் நடத்திய காலத்தில், குருகு என்றால் தலைவன் என ஒரே வரியில் முடித்த துணைநூலை மாணவர்கள் மனப்பாடம் செய்து வந்திருந்தார்கள். அது தவறில்லை. ஆனால் ஒரு மாணவி எழுந்து, "குருகோட காலை இவ்வளவு நல்லா ஞாபகம் வச்சிருக்கான்னா, அவ அப்போ தலை குனிஞ்சே இருந்திருப்பா ஐயா" என்றாள். நான் பார்த்த உரைகளில் அது இல்லை; பாட்டின் சொல் இடம் கொடுத்ததால் ஏற்றுக்கொண்டேன். தினை வருவதால் தலைவி ஏழை என்று இன்னொருவன் சொன்னதை ஏற்கவில்லை. தினை குறிஞ்சி நிலத்தின் உணவு. காலின் மெலிவைக் காட்டவே அங்கு வந்தது.

கட்டுரையாளர் குறுந்தொகை 8ஆம் பாடலையும், யார் யாரிடம் பேசுகிறார் என்று சொல்லும் கூற்றுக் குறிப்பை மறைத்து ஒருமுறை, சேர்த்து ஒருமுறை படித்துப் பார்க்கலாம். வயலோர மாமரத்திலிருந்து தானாக உதிரும் பழத்தை வாளை மீன் கவ்வுவது முதல் வாசிப்பில் வெறும் மருதக் காட்சி, அதாவது வயல்வெளிக் காட்சி. பேசுகிறவள் தலைவன் மனைவியை விட்டு நாடிச் செல்லும் காதற்பரத்தை என்றும், தன்னைப் பழித்த தலைவியின் பக்கத்தார் காதில் விழும்படி பேசுகிறாள் என்றும் அறிந்தபின் படித்தால், 'நான் இழுக்கவில்லை, அவனாகத்தான் வந்தான்' என்பது தெளிவாகவே கேட்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கும்பகோணம்.