சின்னவனின் கணுக்கால்

சின்சினாட்டி
20 செப்டம்பர் 2025

டேய் சேகரா,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்குத் திட்ட வேண்டியதைத் திட்டிவிடு. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஒட்டகம் சொன்னான், நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம், ஒருவனைத் தவிர.

சின்னவனுக்குக் கணுக்காலில் லிகமெண்ட் கிழிந்துவிட்டது. ஆகஸ்டில், பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் சீசன் தொடங்குவதற்கு முன்னால் வைக்கும் ஸ்க்ரிமேஜ் என்ற பயிற்சி ஆட்டத்தில். கணக்கில் சேராத ஆட்டத்தில்! உனக்கு ஏன் உடனே எழுதவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். "முதல் வரிசை ஸ்டார்ட்டர்களை, கணக்கில் சேராத ப்ரீசீசன் ஆட்டங்களில் இறக்காதே" என்று நீயும், "இறக்கு" என்று நானும் எத்தனை ராத்திரி போனில் கத்தியிருக்கிறோம்!

என் பக்க நியாயத்தையும் கேள். எங்கள் சின்சினாட்டி அணி பெங்கால்ஸ் 2022-லும் 2023-லும் முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்றது. 2024-இல் முதல் மூன்றையும் தோற்று, கடைசியில் ஒன்பது வெற்றி, எட்டுத் தோல்வி என்று முடித்து, ப்ளேஆஃப் என்ற இறுதிச் சுற்றுகளுக்குப் போகாமல் நின்றது. பந்தை எறியும் எங்கள் குவார்ட்டர்பேக் பரோவுக்கு ஒரு வருடம் அப்பெண்டிக்ஸ், அடுத்த வருடம் கெண்டைக்கால் என்று நீ இழுப்பாய், தெரியும். ஆனாலும் கை சூடேறாமல் களத்துக்கு வந்தால் இதுதான் நடக்கும் என்று வீட்டில் மூன்று வருடமாகப் பாட்டுப் பாடினேன். இந்த ஆகஸ்டில் ஈகிள்ஸுடனும் கமாண்டர்ஸுடனும் நடந்த ப்ரீசீசன் ஆட்டங்களில் பரோவை இறக்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தாயாடா, பெரிய ஆட்களே ஆடுகிறார்கள்" என்று சின்னவனிடம் சொன்னேன். அவனுடைய கோச் முதல் பத்து ப்ளேயோடு அவனை உட்கார வைக்கத்தான் நினைத்திருந்தார். பையன் கெஞ்சி உள்ளே போயிருக்கிறான். பதினைந்தாவது ப்ளேயிலோ என்னவோ, பந்து கையை விட்டுப் போன பிறகு ஒருவன் வந்து காலில் விழுந்தான்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் மாற்று ஆட்டக்காரன், அணியில் இடம் பிடிக்க அவனுக்கு அந்த ஒரு சாயங்காலம்தான். பெரிய அணிகள் ஆடும் என்எஃப்எல் லீகிலும் இதே கதைதானே. 90 பேரை வைத்துக்கொண்டு ஆகஸ்ட் கடைசியில் 53-ஆகக் குறைக்கிறார்கள். ப்ரீசீசன் ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் ஓடுகிறவனுக்கு அது வேலைக்கான இன்டர்வியூ. அவன் எதிரே, உடம்பைக் காப்பாற்றிக்கொண்டு பாதி வேகத்தில் நிற்கும் நட்சத்திரம்! இதை இத்தனை வருடமாக நான் யோசித்ததே இல்லை. நீயும் சொன்னதில்லை. ப்ரீசீசனில் 1999-இல் ராம்ஸ் குவார்ட்டர்பேக் ட்ரென்ட் கிரீனின் முழங்கால் போய் மாற்று ஆள் கர்ட் வார்னர் வந்தது, 2003-இல் ஃபால்கன்ஸ் குவார்ட்டர்பேக் விக்கின் கால் முறிந்தது என்று பட்டியல்தான் வாசிப்பாய்.

சரி, உன் பட்டியலுக்கும் என்னிடம் பதில் உண்டு. உன் அணி ஜெட்ஸ்! 2023-இல் அதன் குவார்ட்டர்பேக் ராட்ஜர்ஸ் ப்ரீசீசனில் ஜயன்ட்ஸுக்கு எதிராக இறங்கி டச்டவுன் போட்டுவிட்டு முழுசாக வெளியே வந்தார். சீசன் தொடங்கியதும் நாலாவது ப்ளேயிலேயே குதிகால் தசைநாண் அறுந்தது. நீ அன்றைக்கு மைதானத்தில் வாங்கிய ப்ரெட்சலைக்கூடத் தின்னவில்லையாமே. (நானூறு டாலர் டிக்கெட் பற்றி இனி பேச மாட்டேன், சத்தியம்.)

இப்போது எங்கள் முறை. பரோவை ப்ரீசீசனில் ஆட வைத்தோம், முதல் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தோம். முதல் ஆட்டம் 17-16. எதிரணி ப்ரௌன்ஸின் கிக்கர் உதைகளைத் தவறவிட்டு நமக்கு உதவாமல் இருந்திருந்தால் அதுவும் கோவிந்தா. சூடேறிய கை எங்கே போயிற்று என்று கேட்காதே. இரண்டாவது ஆட்டத்தில் பரோவுக்குக் கால் பெருவிரல் போய்விட்டது. ஆபரேஷனாம், குறைந்தது மூன்று மாதமாம். ப்ரீசீசனில் பத்திரமாக இருந்த மனுஷன்!

அப்படியானால் எவ்வளவு ஆட வைப்பது? இன்றைக்கு என்னைக் கேட்டால், புதுப் பையன்களுக்கு நிறைய, பழையவர்களுக்கு ஒன்றிரண்டு டிரைவ், அதாவது பந்து நம் கையில் இருக்கும் ஒன்றிரண்டு முறை. பரோ மாதிரி ஆளுக்கு வேறு அணியோடு சேர்ந்து நடத்தும் பயிற்சி போதும். அங்கே குவார்ட்டர்பேக்கை யாரும் தொட மாட்டார்கள். ராம்ஸ் அணியின் கோச் மக்வே பல வருடமாக ஸ்டார்ட்டர்களை ப்ரீசீசனில் இறக்குவதே இல்லை, கோப்பையும் வாங்கிவிட்டார். ஆனால் இதை எழுதும்போதே சந்தேகமாக இருக்கிறது. போன வாரம் பரோ விழுந்தபோது ஐயோ என்றேன், அடுத்த நிமிடம் மாற்று ஆள் யார் என்று பார்த்தேன். சின்னவன் விழுந்தபோது வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, ஸ்கோர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. நேற்று பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பாதத்தை அசைத்துக் காட்டி, "அப்பா, அடுத்த வருடம் ஸ்க்ரிமேஜில் ஆடட்டுமா?" என்று கேட்டான். கோச்சைக் கேள் என்றேன். வேறு என்ன சொல்ல?

நாளைக்கு வைகிங்ஸுடன் ஆட்டம், பரோ இல்லாமல். பத்து மணிக்கு மேல் போன் செய். முதலில் மீனாதான் எடுப்பாள். ஃபுட்பால் என்ற வார்த்தையை வாயில் எடுக்காதே, ஊறுகாயைப் பற்றிப் பேசு.

உன்,
ராகவன்